தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழி திறந்த துன் சம்பந்தன்

பால்மரக் காட்டின் நடுவே ஒரு சிறு கோயில்; அதன் அருகே ஒரு பள்ளிக்கூடம்; அப்பால் வரிசையாக லயங்கள். மலாயாவின் தோட்டங்களில் நம் முன்னோர் கண்ட உலகம் பெரும்பாலும் இவ்வளவே. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பால் சுமந்து, பொழுது சாயும் வேளையில் குடிசை திரும்பிய அம்மக்களுக்கு ஆறுதல் தந்த இடம் கோயில். நம்பிக்கை தந்த இடம் பள்ளிக்கூடம். ஆனால், அக்கோயில் நின்ற மண்ணும் அப்பள்ளி நின்ற மண்ணும் அவர்களுக்குச் சொந்தமானவை அல்ல. தோட்டம் கைமாறினால் கோயிலும் பள்ளியும் உடன் கைமாறின.

இந்த உண்மையை ஆழ உணர்ந்து, பிள்ளையின் கல்விக்கும் பெற்றோரின் நிலத்துக்கும் உள்ள உறவை ஒரு சமுதாயத்துக்கே எடுத்துக்காட்டிய பெருமகனார், துன் வீ. தி. சம்பந்தன் ஆவார். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக 18 ஆண்டுகளும், நாட்டின் அமைச்சராக ஏறத்தாழ அதே காலமும் விளங்கிய அன்னார்தம் வாழ்வை இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ளுதல் நலம் பயப்பதாகும்.

பிறப்பும் கல்வியும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் என்னும் ஊரில், 1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள் சம்பந்தன் பிறந்தார். அவர்தம் தந்தையார் வீராசாமி, 1896இல் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். உழைப்பாலும் முயற்சியாலும் உயர்ந்து, அவ்வட்டாரத்தின் தொடக்ககால ரப்பர்த் தோட்ட உரிமையாளருள் ஒருவராகத் திகழ்ந்தவர். சைவ நெறி தழைத்த குடும்பம் ஆதலின், மைந்தனுக்குத் திருஞானசம்பந்தன் என்று பெயரிட்டனர். சீர்காழியில் ஞானப்பால் உண்ட குழந்தையின் பெயரைத் தாங்கிய இம்மைந்தன், பிற்காலத்தில் பல்லாயிரம் ஏழைக் குழந்தைகளின் அறிவுப் பசியைப் பற்றிக் கவலை கொள்பவராக வளர்ந்தது பொருத்தமே.

கோலகங்சாரில் உள்ள கிளிப்பர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பயின்ற சம்பந்தன், உயர்கல்விக்காகத் தமிழகம் சென்றார். அண்ணாமலை அரசர் 1929இல் தோற்றுவித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. தில்லைச் சிதம்பரத்தில், தம் பெயருக்குரிய அடியாரின் சீர்காழிக்கு அண்மையிலேயே அமைந்த அக்கலைக்கூடத்தில் பயின்று அவர் பட்டம் பெற்றார். அக்காலம் இந்திய விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். காந்தியடிகளின் நெறி மாணவர் உள்ளங்களைக் கவர்ந்தது. சம்பந்தனும் காங்கிரசு இயக்கத்தில் ஈடுபாடு கொண்டார். எளிய உடை, எளிய பேச்சு, ஏழை மக்களுடன் கலந்து பழகும் இயல்பு ஆகியவை அங்கேதான் அவருள் வேரூன்றின.

போர் முடிந்து அவர் தாயகம் திரும்பியபோது, கண்ட காட்சி நெஞ்சை உருக்குவதாய் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் – பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழருள் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. தந்தையை இழந்த பிள்ளைகள், கணவனை இழந்த மகளிர் எனத் தோட்டந்தோறும் துயரம் நிறைந்திருந்தது. அத்துயர் ஆறுமுன்னரே, 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட, நாட்டில் அவசரகாலம் பிறந்தது. முள்வேலிக்குள் வாழும் நிலை பல தோட்ட மக்களுக்கு ஏற்பட்டது. செல்வக் குடியில் பிறந்த சம்பந்தன், தம் வாசலுக்கு எதிரேயே இத்துன்பங்களைக் கண்டார்.

தோட்டப் பள்ளியின் நிலை

அந்நாளைய தோட்டப் பள்ளிகளின் நிலையை அறிந்தால்தான் சம்பந்தன் ஆற்றிய பணியின் அருமை விளங்கும். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்ட நிர்வாகம் அவர்களுக்குப் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்துக்காகப் பள்ளிகள் எழுந்தன. ஆயினும் பல இடங்களில் அவை ஒரு கொட்டகையும் ஒரு கரும்பலகையுமாகவே இருந்தன. தொடக்க காலத்தில் கங்காணியோ, கிராணியோ, ஓரளவு எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியராய் அமர்ந்தார். பிற்காலத்தில் பயிற்சி பெற்றவர் வந்தபோதும், ஓர் ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்தும் நிலை நீடித்தது.

பிள்ளைகளின் வாழ்வும் கல்விக்கு இசைந்ததாக இல்லை. மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கினாள். ஆண்பிள்ளை பெற்றோருக்குத் துணையாகக் கட்டிப்பால் பொறுக்கச் சென்றான். எழுதப் படிக்கக் கற்றவுடன் பலர் பள்ளியை விட்டு நீங்கினர். அதற்கு மேல் பயில வேண்டுமாயின் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அதற்குக் கட்டணம், போக்குவரத்து, உடை, புத்தகம் எல்லாம் வேண்டும். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு அது எட்டாக் கனி. ஆகவே, பால் வெட்டியவர் மகன் பால் வெட்டவே வந்தான். தலைமுறை மாறியது, தொழில் மாறவில்லை.

காந்தியின் பெயரால் ஒரு கலாசாலை

பேச்சினும் செயலே சிறந்தது என்னும் கொள்கையுடைய சம்பந்தன், தம் பணியைத் தம் ஊரிலேயே தொடங்கினார். தந்தையார் வழி வந்த செல்வத்தை ஈந்து, சுங்கை சிப்புட் நகரில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவ முன்னின்றார். 1954ஆம் ஆண்டு, பண்டித நேருவின் தங்கையாரான திருமதி விசயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்துவைத்தார்.

இக்கலாசாலையின் சிறப்பு அதன் கட்டடத்தில் மட்டும் இல்லை. தோட்டத் துரையின் தயவை எதிர்நோக்கி நிற்காத, தோட்டம் விற்கப்பட்டால் உடன் மறையாத, நகரின் நடுவே நிலையாக நிற்கும் ஒரு தமிழ்ப்பள்ளியாக அது அமைந்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர் பயின்றுவரும் அப்பள்ளி, இன்றும் அவர்தம் பெயரை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது.

தலைமைப் பொறுப்பு

1946இல் ஜான் திவியின் தலைமையில் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசு, தொடக்கத்தில் நகரத்துப் படித்த வகுப்பினரின் இயக்கமாகவே பெரிதும் இருந்தது. 1955இல் அதன் ஐந்தாவது தலைவராகச் சம்பந்தன் பொறுப்பேற்ற பின்னர், கட்சி தோட்டங்களை நோக்கித் திரும்பியது. தமிழில் பேசி, தமிழர் விழாக்களில் கலந்து, பாட்டாளி மக்களை அவர் உறுப்பினராக்கினார். அதே ஆண்டில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராக அமர்ந்த சம்பந்தன், பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு ஆகிய துறைகளையும் ஏற்றார். துங்கு அப்துல் ரகுமானின் நம்பிக்கைக்குரிய தோழராக, சுதந்திரத்தைக் கட்டியெழுப்பிய தலைவர் வரிசையில் அவர் இடம்பெற்றார்.

சுதந்திரத்துக்குப் பின் கல்வித்துறையில் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், 1960ஆம் ஆண்டு ரகுமான் தாலிப் அறிக்கையும், அவற்றைத் தொடர்ந்து வந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ் தொடக்கப் பள்ளிகளுக்கு நாட்டின் கல்வி முறையில் இடம் அளித்தன. தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. 1965 முதல், இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் புகுமுக வகுப்பின் வழியே மேலே செல்லும் பாதை பிறந்தது. சட்டம் கதவைத் திறந்தது. ஆயினும், கதவு வரை நடந்து வருவதற்குப் பிள்ளைக்கு ஒரு நிலையான வீடு வேண்டுமே! அவ்வீட்டுக்கே ஆபத்து வந்தது அக்காலத்தில்தான்.

துண்டாடல் என்னும் பேரிடர்

சுதந்திரம் நெருங்கியபோதும் அதன் பின்னரும், வெள்ளையர் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அவற்றை வாங்கியவருள் பலர் தோட்டமாக நடத்த வாங்கவில்லை; சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, இலாபத்துக்கு விற்கவே வாங்கினர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது.

ஆயிரம் ஏக்கர் தோட்டம் ஒன்று நூறு பேருக்குப் பிரிந்து போனால் என்ன நிகழும்? பெரிய நிர்வாகத்தைக் கட்டுப்படுத்திய சட்டக் கடமைகள் சிறு உடைமையாளரை அணுகா. லயத்தைப் பழுதுபார்ப்பார் இல்லை, மருந்தகம் மூடப்படும், ஆயாக் கொட்டகை மறையும். நிலையான வேலை போய் ஒப்பந்த வேலை வரும். வேலை தேடிப் பெற்றோர் ஊர் ஊராய் அலைவர். பிள்ளை பள்ளியை விட்டு அவர்பின் செல்லும். மாணவர் குறைந்த பள்ளி மூடப்படும். கோயிலில் விளக்கேற்றவும் ஆள் இராது. இங்ஙனம், ஒரு பத்திரத்தில் இடும் கையொப்பம் ஒரு முழு ஊரையே கலைத்துவிடும் வல்லமை பெற்றிருந்தது.

பலர் இதனைக் கண்டு வருந்தினர். அரசாங்கத்துக்கு மனு அளித்தனர். தனியார் சொத்தை விற்பதை எளிதில் தடுக்கவியலாது. சம்பந்தன் வேறு வழி கண்டார். தோட்டம் விற்பனைக்கு வருமாயின், அதனைத் தொழிலாளரே ஏன் வாங்கக்கூடாது என்பதே அவர்தம் சிந்தனை.

பத்து வெள்ளியில் பிறந்த பெருஞ்செல்வம்

தனியொரு பால்வெட்டுத் தொழிலாளியால் ஓர் ஏக்கர் வாங்கவும் இயலாது. ஆனால், ஆயிரம் ஆயிரமாய்த் தொழிலாளர் சிறு தொகை சேர்த்தால் முழுத் தோட்டத்தையும் வாங்கலாம். துண்டாடாமல் முழுமையாக வாங்கினால் வேலையும் நிலைக்கும், லயமும் நிலைக்கும், பள்ளியும் நிலைக்கும்; இலாபமும் உழைப்பவர் கைக்கே வரும். இந்த எளிய கணக்கின் மேல் எழுந்ததே, 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

அமைச்சராக இருந்துகொண்டே சம்பந்தன் தோட்டந்தோறும் சென்றார். பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி உறுப்பினராகுமாறு தொழிலாளரைக் கேட்டுக்கொண்டார். இன்று பத்து வெள்ளி என்றால் சிறு தொகையாகத் தோன்றலாம். நாளொன்றுக்குச் சில வெள்ளிகளே கூலி பெற்றவர்க்கு அது பல நாள் உழைப்பு. அரிசிக்கும் பருப்பிற்கும் ஒதுக்கிய காசு. கொடுத்த பணம் திரும்புமா, கூலிக்காரன் தோட்ட முதலாளி ஆவதும் நடக்குமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அந்த ஐயத்தைப் போக்க, தலைவர் ஒருவர் நேரில் வந்து, அவர்கள் மொழியில் கணக்கை விளக்க வேண்டியிருந்தது. அதனைச் சம்பந்தன் சலிப்பின்றிச் செய்தார்.

1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பால்மரத்தின் நிழலில் பிறந்து, அம்மரத்தின் ஓரிலைக்கும் உரிமையற்று மாண்ட மூன்று தலைமுறையினரின் வழித்தோன்றல்கள், ஒரு தோட்டத்தின் பங்குதாரராயினர். தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கப்பட்டன. சம்பந்தன் மறைந்த காலத்தில், சங்கம் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்களையும், பல்லாயிரக்கணக்கான உறுப்பினர்களையும் கொண்டு விளங்கியது. உறுப்பினருடைய பிள்ளைகளின் கல்விக்கு ஊக்கத்தொகை வழங்கும் அமைப்பாகவும் அது வளர்ந்தது.

பெற்றோர் சேமித்த காசு ஒருபுறம் நிலமாயிற்று. மறுபுறம் மகனின் புத்தகமாயிற்று. இதுவே சம்பந்தன் கண்ட வழியின் சிறப்பாகும். பிறர் இடும் பிச்சையால் பெறும் கல்வி ஒருவனை உயர்த்தலாம்; தாமே ஈட்டிய உரிமையால் பெறும் கல்வி ஒரு குடும்பத்தையே தலைநிமிர வைக்கும்.

பிற்காலம்

1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்துக்குப் பின்னர், நாடு இன ஒற்றுமையை நாடி நின்றது. அக்காலத்தில் வந்த வேலை அனுமதி விதிகள், குடியுரிமை பெறாத தோட்டத் தமிழரைப் பெரிதும் பாதித்தன. சுதந்திரத்தின்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தவறியவர் பலர். எழுத்தறிவின்மையே அதற்கு ஒரு பெருங்காரணம். ஒரு படிவத்தை நிரப்பத் தெரியாமையால், பிறந்த மண்ணைப் போல் நேசித்த நாட்டை விட்டுக் கப்பலேறியவரும் உண்டு. கல்வி என்பது பட்டமும் பதவியும் மட்டுமன்று, ஒரு மனிதன் தன் உரிமையைத் தானே காத்துக்கொள்ளும் கருவி என்பதை இந்நிகழ்ச்சிகள் சமுதாயத்துக்குக் கசப்புடன் கற்பித்தன.

1972இல் சம்பந்தன் தேசிய ஒற்றுமை அமைச்சரானார். 1973இல், கட்சிக்குள் எழுந்த நெருக்கடியை அடுத்து, தலைமைப் பொறுப்பை மாணிக்கவாசகத்திடம் ஒப்படைத்து விலகினார். பதவி போனபின் முகம் வாடிப் பொதுவாழ்வை விட்டு ஒதுங்குவோர் உலகில் பலர். சம்பந்தனோ, 1974 முதல் 1978 வரை தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகப் பணிபுரிந்தார். கூட்டுறவுச் சங்கத்தின் வளர்ச்சியிலும் இறுதிவரை கருத்துச் செலுத்தினார். செல்வராய்ப் பிறந்து பொதுவாழ்வில் புகுந்த அவர், அவ்வாழ்வால் செல்வம் சேர்த்தவர் அல்லர். இருந்ததையும் ஈந்தவரே ஆவார். அவர்தம் துணைவியார் தோ புவான் உமாசுந்தரி அம்மையாரும் சமூகத் தொண்டில் அவருக்குத் தோள்கொடுத்தார்.

1979ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், அறுபது வயது நிறைய ஒரு திங்களே எஞ்சியிருந்த நிலையில், துன் சம்பந்தன் இறைவனடி சேர்ந்தார்.

எஞ்சி நிற்கும் பணி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முதன்மைச் சாலை இன்று அவர்தம் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகமும் விஸ்மா துன் சம்பந்தன் என்றே வழங்குகிறது. ஆயினும், பெயர்ப்பலகைகள் மட்டும் ஒரு தலைவருக்கு நினைவுச் சின்னம் ஆகா.

நேர்மையாக நோக்கின், சம்பந்தன் கண்ட கனவு முழுமையும் நிறைவேறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். சங்கம் வாங்கிய தோட்டங்களைக் காட்டிலும், துண்டாடப்பட்டனவும் பின்னாளில் வீடமைப்புக்காக அழிக்கப்பட்டனவும் மிகப் பல. 1957இல் 800க்கும் மேற்பட்டனவாய் இருந்த தமிழ்ப்பள்ளிகள், இன்று ஏறத்தாழ 530 என்னும் அளவுக்குக் குறைந்துள்ளன. எஞ்சியவற்றுள்ளும், நிற்கும் நிலம் தமக்கோ அரசாங்கத்துக்கோ உரியதாய் இல்லாமையால், பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடிப்பன பல. நிலம் இல்லாத பள்ளியின் நிலை என்ன என்பதை அறுபதாண்டுகளுக்கு முன்னரே சம்பந்தன் உணர்ந்திருந்தார். நாம் இன்றும் அதனைப் பட்டறிந்து வருகிறோம்.

தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் வந்த குடும்பங்களின் பிள்ளைகள், இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்கின்றனர். பால்வாளி மறைந்தது, வறுமை முற்றும் மறைந்துவிடவில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குப் படிக்க ஓர் இடமும், வழிகாட்ட ஒரு பெரியவரும் இல்லாத வீடுகள் இன்றும் உள்ளன. அத்தகைய பிள்ளைக்கு ஆலய மண்டபத்தின் ஒரு மூலையில் விளக்கும் மேசையும் தந்து, மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தருவது, அன்னார் தொடங்கிய பணியின் தொடர்ச்சியே ஆகும்.

பத்து வெள்ளி கொடுத்த அந்தப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் தங்கள் பெயர் எக்கல்வெட்டிலும் பொறிக்கப்பட வேண்டும் என்று கேட்கவில்லை. தம் மகன் தம்மைப் போல் விடியலில் வாளி தூக்கக் கூடாது என்றே விரும்பினர். அவர்களது விருப்பத்தைத் தம் விருப்பமாக ஏற்று உழைத்தவர் துன் சம்பந்தன். அத்தகைய உள்ளம் நம்மவருள் பலர்க்கு வாய்க்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.